பழைய போர்ப் பதக்கத்துக்கு உரியவர் யார்? மதராஸ் படைவீரர்களைத் தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாத்தாவின் பெட்டியிலோ பழைய பொருள் கடையிலோ ஒரு பதக்கம் கிடைக்கிறது. விளிம்பில் ஒரு பெயர் தெரிகிறது. உடனே அந்தப் பெயரை இணையத்தில் தட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. முனிசாமி என்று தேடினால் முனிசாமிகள் மூட்டை மூட்டையாக வந்து விழுவார்கள். தேடல் அங்கேயே படுத்துவிடும்.

இந்தத் தேடலில் பெயர் கடைசியில்தான் பயன்படும். படைப்பிரிவு, எண், போர்முனை, ஊர், அதன்பிறகு பெயர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பஞ்சாபிச் சிப்பாய்களுக்கு வேறு பாதைகள் உண்டு. அவற்றை நம்மவர்களுக்குப் பொருத்தப் போய்த்தான் பலரும் திணறுகிறார்கள்.

1. தொடங்கும் முன்: துலக்காதீர்கள்

நம் வீடுகளில் வெள்ளி என்றால் விபூதி, பித்தளை என்றால் புளி. பதக்கத்துக்கு இரண்டும் ஆகாது. விளிம்பு எழுத்துகள் மயிரிழை ஆழம்தான் இருக்கும். தேய்த்தால் முதலில் போவது எண்ணின் வளைவுகள். 8 எது 3 எது என்று தெரியாமல் போகும். எண் போனால் பாதித் தேடல் போயிற்று. பருத்தித் துணியால் தூசியைத் தட்டினால் போதும்.

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ், ஒரு சிறு டார்ச், வெர்னியர் அளவுகோல், ஒரு நோட்டு ஆகியவை கையில் இருக்கட்டும். நாடாவைக் கழற்ற வேண்டாம், புது நாடாவும் போட வேண்டாம். எந்தப் பெட்டியில், எந்தப் பொருள்களோடு கிடைத்தது, யார் கொடுத்தார் என்பதை அன்றே எழுதிவையுங்கள். கூட இருந்த ஓய்வூதியப் புத்தகமோ, ஒரு பித்தளைப் பொத்தானோ பின்னால் பதக்கத்தைவிட அதிகம் பேசக்கூடும்.

2. எந்தப் பதக்கம் என்று உறுதி செய்யுங்கள்

பதக்கத்தின் வகை தெரிந்தால் போரும் காலமும் தெரியும். தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி கண்ணில் படுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

வட்டமான வெள்ளிப் பதக்கம், ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் ஆடையில்லாத குதிரைவீரன், ஓரத்தில் 1914, 1918 என்ற ஆண்டுகள்: இது முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். இதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், உரியவர் பெரும்பாலும் தொழிலாளர் படையில் இருந்தவர். ‘வெண்கலம்தானே, போலியாக இருக்கும்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சிறகு விரித்த வெற்றித் தேவதை, வானவில் நிற நாடா: வெற்றிப் பதக்கம். இது வெண்கலம்தான். வெண்கல நட்சத்திரத்தின் நடுவில் 1914 என்று மட்டும் இருந்தால், அவர் அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22க்குள் பிரான்சிலோ பெல்ஜியத்திலோ பணியாற்றியவர். 1914-15 என்று இருந்தால் மற்றப் போர்முனைகளும் அடங்கும். நட்சத்திரங்களில் பெயர் விளிம்பில் இருக்காது, பின்புறத்தில் இருக்கும்.

கைபர் கணவாய்ப் பக்கமுள்ள ஜம்ரூத் கோட்டையின் படம் இருந்தால் 1908ஆம் ஆண்டின் இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம். நாடாவின் மேல் கோத்த உலோகப் பட்டையில் எந்தப் படையெடுப்பு என்பது எழுதியிருக்கும்: ‘ஆப்கானிஸ்தான் 1919’, ‘வஜீரிஸ்தான் 1919-21’, ‘மலபார் 1921-22’ என்பதுபோல. அதற்கும் முந்தைய 1854ஆம் ஆண்டுப் பதக்கத்தில் ‘பர்மா 1885-7’ பட்டை இருந்தால், அது மதராஸ் படைக்காரர் வீடுகளில் எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆறுமுனை நட்சத்திரம், இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம், இந்திய வரைபடம் ஆகியவை இரண்டாம் உலகப்போர்.

ஒன்றைக் கவனியுங்கள். வெற்றிப் பதக்கம் பெற்றவருக்குப் பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும் உண்டு. வீட்டில் வெண்கலம் மட்டும் இருந்தால், வெள்ளி ஏதோ ஒரு நெருக்கடியில் தட்டான் உலைக்குப் போயிருக்கலாம். இருப்பதை வைத்து ‘தாத்தாவுக்கு இவ்வளவுதான் கொடுத்தார்கள்’ என்று முடிவு கட்ட வேண்டாம்.

3. விளிம்பை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழுந்தால்தான் எழுத்து எழும்பும். பதக்கத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஒவ்வொரு பகுதியையும் படம் எடுங்கள். படித்ததை அப்படியே எழுதுங்கள்; புள்ளி, காற்புள்ளி, அச்சுப்பிழை எதையும் திருத்தாதீர்கள்.

விளக்கத்துக்காக ஒரு மாதிரியை நானே அமைத்துக் காட்டுகிறேன். ஆங்கில எழுத்தில் உள்ளதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: ‘2745 எஸ்.பி.ஆர். முனிசாமி, 2 கியூ.வி.ஓ. எஸ். & எம்.’ இதில் நான்கு துண்டுகள். 2745 என்பது படை எண். எஸ்.பி.ஆர். என்பது சாப்பர், அதாவது பொறியியல் படையின் கடைநிலை வீரர். அடுத்தது பெயர். கடைசித் துண்டு விக்டோரியா மகாராணியின் பெயர் தாங்கிய 2ஆம் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படை, அதாவது மதராஸ் சாப்பர்கள். ‘தம்பிகள்’ என்று படை முழுக்கப் பெயர் வாங்கியவர்கள் இவர்கள்தாம்.

பதவியைக் கவனமாகப் பிரித்தறியுங்கள். சிப்பாய், நாயக், அவில்தார், ஜமேதார், சுபேதார் என்பது காலாட்படை வரிசை. சவார், தபேதார், ரிசால்தார் என்றால் குதிரைப்படை. சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், டோலி தூக்குபவர், துப்புரவாளர் என்றும் இருக்கும். இவர்களைப் படை ‘ஃபாலோயர்’ என்றது. பேரப்பிள்ளைகள் இந்த இடத்தில் முகம் சுளித்து, ‘சிப்பாய் என்றுதான் போட்டிருக்கும், தேய்ந்துவிட்டது’ என்று மாற்றி எழுதிவிடுவார்கள். அப்படி மாற்றிய மறுநொடியே தவறான பட்டியலில் தேடத் தொடங்கிவிடுவீர்கள்.

எண் விஷயத்தில் ஒரு பெரிய பொறி உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தனக்கென்று எண் வரிசை வைத்திருந்தது. 2745 என்ற எண் ஒரே நேரத்தில் பல படைப்பிரிவுகளில் பல பேருக்கு இருந்திருக்கும். படைப்பிரிவின் பெயரோடு சேர்ந்தால்தான் எண்ணுக்கு உயிர். ஒருவர் வேறு பிரிவுக்கு மாறியபோது எண்ணும் மாறியது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கத்தில் எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் இருந்தால் அவற்றையும் விடாமல் எழுதுங்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டலை எழுத்தர் காதில் விழுந்தபடி போட்டிருப்பார். முனிசாமி என்ற ஒரே பெயர் முனுசாமி, மூனசாமி, முனிஸ்வாமி என்று பலவிதமாக வரும். தந்தை பெயரோ முதலெழுத்தோ பெரும்பாலும் இருக்காது. இதனால்தான் பெயரைக் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

4. விளிம்பு மெய்யா என்று பாருங்கள்

குடும்பத்தில் வழிவழியாக இருந்த பதக்கம் என்றால் இந்தப் படியை வேகமாகக் கடக்கலாம். கடையில் வாங்கியது என்றால் நிற்க வேண்டும். பழைய பெயரை அரத்தால் அராவிவிட்டு வேறு பெயர் பொறிப்பது பழைய வித்தை. பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீட்டர். வெர்னியரில் பல இடங்களில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் குறைந்தாலோ, விளிம்பு தட்டையாகப் பளபளத்தாலோ சந்தேகம் கொள்ளுங்கள். வளையம் பற்றவைத்துக் கழுத்தில் தொங்கவிட்ட பதக்கங்களும் உண்டு. அது போலிக்கு அடையாளம் அல்ல. வீட்டில் யாரோ ஆசையாக அணிந்ததன் அடையாளம்.

வாங்கவோ விற்கவோ நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள்கள் தொல்பொருள் வரம்புக்குள் வருகின்றன, தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் அந்த வயதை எட்டிவிட்டன.

5. படைப்பிரிவைக் காலத்தில் நிறுத்துங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இந்தப் படியில்தான். ஒரே படைப்பிரிவு மூன்று பெயர்களில் வாழ்ந்திருக்கும். 1903இல், கிச்சனர் இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த காலச் சீர்திருத்தத்தில், மதராஸ் காலாட்படைகளின் எண்களோடு அறுபது கூட்டப்பட்டது. பழைய 1ஆம் மதராஸ் பயோனியர்ஸ் (பாதை போடும் வேலையும் தெரிந்த காலாட்படை) 61ஆம் பயோனியர்ஸ் ஆனது. 23ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி 83 ஆனது. 1922இல் மறுபடியும் கலைத்து அடுக்கினார்கள். மிஞ்சிய கர்நாடிக் படைகள் சிலவற்றைச் சேர்த்து 3ஆம் மதராஸ் ரெஜிமென்ட் என்றார்கள். 1928க்குள் அதையும் கலைத்துவிட்டார்கள். 61, 64, 81 ஆகிய பயோனியர் படைகள் மதராஸ் பயோனியர் கோர் ஆகி, 1933இல் அதுவும் மறைந்தது. மதராஸ் ரெஜிமென்ட் என்ற பெயர் இரண்டாம் உலகப்போரின்போதுதான் மீண்டும் உயிர்பெற்றது.

ஆகவே ‘மதராஸ் இன்ஃபன்ட்ரி’ என்று எண்ணோடு இருந்தால் 1903க்கு முன். ‘73 கர்நாடிக்’ என்றால் 1903க்கும் 1922க்கும் இடையில்.

பெயரை வைத்து ஊரை ஊகிக்காதீர்கள். 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்று பார்த்ததும் திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்தவர்களை அறிவேன். அந்தப் படையில் மாகாணம் முழுவதிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். கர்நாடிக் என்றால் இன்றைய கர்நாடகம் அல்ல. ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதிக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர்.

இதற்கு நேரெதிரான பொறியும் உண்டு. 76ஆம் பஞ்சாபிஸ் ஒரு காலத்தில் 16ஆம் மதராஸ் காலாட்படை. சில சாதியினரே போருக்கு ஏற்றவர்கள் என்னும் ‘போர்க்குணச் சாதிகள்’ கொள்கையின் பேரில் தெற்கத்திக்காரர்களை வெளியேற்றிவிட்டு அதில் பஞ்சாபிகளை நிரப்பினார்கள். எண் வழியாக வம்சாவளி பார்த்து, ‘இது நம் மதராஸ் படைதான்’ என்று 1916ஆம் ஆண்டுச் சிப்பாயைத் தமிழராக்கிவிடக் கூடாது.

இரண்டாம் உலகப்போரில் நிலைமை வேறு. மதராஸ் மாகாணத்தவர் பெருந்திரளாகச் சேர்ந்தது துப்பாக்கி தூக்கும் படைகளில் மட்டுமல்ல. பொறியியல், போக்குவரத்து, மருத்துவம், பயோனியர் பிரிவுகளிலும்தான். ஐ.இ. என்றால் இந்தியப் பொறியியல் படை, ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றால் போக்குவரத்து, வழங்கல் படை; ஐ.ஏ.எம்.சி. என்றால் மருத்துவப் படை.

6. இறந்தவரா, திரும்பியவரா?

அடுத்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். அது இலவசம். அங்கும் பெயரைப் போடாதீர்கள். ‘இந்தியப் படை’ என்ற வடிகட்டியையும் படைப்பிரிவையும் தேர்ந்தெடுத்து, வரும் பட்டியல் முழுவதையும் கோப்பாக இறக்கி, படை எண் வாரியாக அடுக்குங்கள். உங்கள் எண் அதில் இருந்தால், பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் ஆள் அகப்பட்டுவிடுவார். தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியவை கூடுதல் தகவலாக இருந்தால் அது புதையல்.

எண் இல்லையென்றாலும் பட்டியலைத் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ளவர்களைப் பாருங்கள். அடுத்தடுத்த எண்காரர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் சேர்ந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் எங்கே, எப்போது இறந்தார்கள் என்பது உங்கள் ஆள் இருந்திருக்கக்கூடிய இடத்தைக் காட்டும். இது துப்புதான், சான்று அல்ல.

ஆணையத்தின் கணக்கில் முதல் உலகப்போர் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாவது 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இடையில் இறந்தவரை அங்கே தேடிப் பயனில்லை. பர்மாப் போர் 1885 பதக்கக்காரரைத் தேடுவது அதைவிட வீண்.

நினைவுச்சின்னத்தின் கல்லில் பெயர் இல்லை என்று மனம் சோர வேண்டாம். மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய இராக்) இறந்தவர்களுக்கான பஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தவர்கள், மற்ற இந்திய வீரர்களைப் படைப்பிரிவின் பெயராலும் எண்ணிக்கையாலும் மட்டுமே குறித்தார்கள். அந்தப் பெயர்களைக் கல்லில் தேடாமல் தரவுத்தளத்தில் தேடுங்கள். சென்னையில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் 1914-1918 நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. இந்தியாவுக்குள் பல ஊர்க் கல்லறைகளில் புதைந்து, பராமரிக்க முடியாமல் போனவர்களை அது நினைவுகூர்கிறது. பர்மாவில் இறந்தவர்களுக்கு ரங்கூன் நினைவுச்சின்னம். மலாயா, சிங்கப்பூர் பக்கம் என்றால் கிராஞ்சி.

முதல் உலகப்போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்தார்கள். இறந்தவர்கள் 74,000 பேர் அளவில். பட்டியலில் பெயர் இல்லாததற்கு முதல் விளக்கம், அவர் உயிரோடு ஊர் திரும்பினார் என்பதே.

7. படைப்பிரிவு எங்கே போயிற்று?

இதற்குப் போர் நாட்குறிப்புகள். ஒவ்வொரு படைப்பிரிவும் அன்றன்றைய நிகழ்வை எழுதியாக வேண்டும். முதல் உலகப்போரின் ஏடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற தொகுதியில் உள்ளன. பல ஏடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தையும் துழாவுங்கள்.

அவற்றில் சிப்பாயின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். வெள்ளை அதிகாரிக்குச் சளி பிடித்தால் பெயரோடு வரும். நம்மவர் பத்துப் பேர் இறந்தால் ‘இந்திய வீரர்கள் 10’ என்று வரும். ஆனால் எந்த நாளில் எந்த ஆற்றங்கரையில் பாலம் போட்டார்கள் என்பது இருக்கும். 63ஆம் பாளையங்கோட்டைப் படை 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கித் தோற்ற கதை போன்றவை இந்த வழியில்தான் துலங்கும்.

சாப்பர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவர்கள் கம்பெனி என்ற சிறு பிரிவுகளாகப் பிரிந்து வெவ்வேறு போர்முனைகளுக்குப் போனார்கள். பதக்கமோ கம்பெனி எண்ணைச் சொல்லாது. கம்பெனி தெரியாதவரை ‘மதராஸ் சாப்பராக முதல் உலகப்போரில் பணியாற்றினார்’ என்பதோடு நிறுத்துங்கள்.

ஜமேதார், சுபேதார் பதவியில் இருந்தவர் என்றால் வேலை எளிது. இந்தியப் படைப்பட்டியல் என்ற அச்சுநூல் இந்திய அதிகாரிகளின் பெயர்களை ரெஜிமென்ட் வாரியாகத் தரும். வீரப்பதக்கம் பெற்றிருந்தால் அரசிதழிலும் பெயர் வந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டுப் போர்கள் என்றால் கியூவின் டபிள்யூ.ஓ. 100 தொகுதியிலும், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் பதக்கப் பட்டியல்கள் உண்டு. 1885ஆம் ஆண்டுச் சிப்பாயைப் பட்டியலில் பிடிப்பது 1916ஆம் ஆண்டுச் சிப்பாயைப் பிடிப்பதைவிட எளிதாக இருப்பது இந்தத் துறையின் விநோதம்.

8. பணத்தையும் நேரத்தையும் இங்கே விடாதீர்கள்

கட்டண வம்சாவளித் தளங்களில் கிடைக்கும் பதக்க அட்டைகள் (யாருக்கு எந்தப் பதக்கம் என்று குறித்த அட்டைகள்) பெரும்பாலும் பிரிட்டிஷ் படையினருடையவை. இந்தியர்களின் அட்டைகள் சொற்பம். ‘1940 குண்டுவீச்சில் ஆவணங்கள் எரிந்துவிட்டன’ என்று ஆங்கில வழிகாட்டிகளில் படித்துவிட்டு மனம் தளர்பவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் எரிந்தது பிரிட்டிஷ் படையினரின் சேவை ஏடுகள். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடைத்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பதிவேடுகள் பஞ்சாபுக்கு மட்டுமே உரியவை.

9. ஊரைத் தேடுங்கள்

ஊர்ப் பெயர் கிடைத்தால் அது பழைய ஆங்கில எழுத்தில், பழைய மாவட்டத்தில் இருக்கும். வட ஆற்காடு என்பது இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று சிதறிக் கிடக்கிறது. மாவட்டத்தைவிடத் தாலுகாவை நம்புங்கள். பழைய மாவட்ட வரைபடத்தை விரித்து, ஒலி ஒத்த ஊர்களையெல்லாம் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர்’ என்ற கல்வெட்டுகளை அரசு பல ஊர்களில் பதித்தது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ளதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதில் தனிப்பெயர்கள் இல்லை. ஆயினும் ஊர் சரியா என்று உரசிப் பார்க்க அது உதவும்.

ஊரில் போய் ‘மெசொப்பொத்தேமியா’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. பெரியவர்களிடம், “ஐயா, இங்கே பட்டாளத்தார் வீடு, சுபேதார் வீடு என்று ஏதாவது உண்டா? பஸ்ராவுக்குப் போய்வந்தவர் யாராவது இருந்தார்களா?” என்று கேளுங்கள். பதக்கத்தை முதலில் காட்டாதீர்கள். காட்டிவிட்டால் எல்லோருடைய நினைவும் அதற்கேற்ப வளையும். அவர்கள் தாமாகச் சொன்ன படைப்பெயர் விளிம்போடு ஒத்துப்போனால் அதன் எடையே வேறு.

10. ரெஜிமென்ட்டுக்குக் கடிதம்

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ‘என் பாட்டனார் முனிசாமி, பட்டாளத்தில் இருந்தார், விவரம் அனுப்பவும்’ என்ற கடிதத்துக்கு எந்த அலுவலகத்தாலும் பதில் எழுத முடியாது. படைப்பிரிவு, எண், பதவி, போர், ஊர் ஐந்தும் இருந்தால் ஏட்டைத் தேட ஒரு பிடி கிடைக்கும்.

மதராஸ் சாப்பர்களின் வாரிசான மதராஸ் பொறியியல் குழு பெங்களூரில் இருக்கிறது; மதராஸ் ரெஜிமென்ட்டின் மையம் நீலகிரி வெலிங்டனில். அங்குள்ள ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். ‘ஷீட் ரோல்’ என்ற சேவை ஏட்டின் நகலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் வாரிசு என்பதற்கான சான்று, விளிம்பின் படங்கள், அதை எழுத்தெழுத்தாகப் படித்த வரி ஆகியவற்றை இணையுங்கள். ஓய்வூதியம் பெற்றவராக இருந்தால் ஓய்வூதிய ஆணை எண்ணையும், விதவை ஓய்வூதியம் வந்திருந்தால் பாட்டியின் பெயரையும் சேருங்கள். இரண்டாம் உலகப்போர் வீரர் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேளுங்கள். அங்கே பழைய பதிவேடுகளில் பெயர் இருக்க வாய்ப்புண்டு. படைத்துறை அரசாணைகளுக்குச் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

பதில் வரும்வரை கையில் உள்ளதை மூன்று பத்தியாக எழுதிவையுங்கள்: பதக்கமும் ஆவணமும் நேரடியாகச் சொல்வது ஒன்று, படைப்பிரிவை வைத்து ஊகித்தது ஒன்று, குடும்பத்தில் சொல்லக் கேட்டது ஒன்று. மூன்றையும் கலக்காதீர்கள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எங்கே பார்த்தீர்கள், என்று பார்த்தீர்கள் என்று குறியுங்கள். ஆவண அலுவலகத்திலிருந்து வரும் தேதி உங்கள் ஊகத்தோடு மோதினால் எந்த வரியை அடிப்பது என்று அப்போது தெரியும்.